புறக்கோள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயங்காலமானால் மழை, இரவில் செம்பனைத் தோட்டத்துக்கு மேலே மேகம். பரவாயில்லை. சிலியின் லா சில்லா மலையில் ஹார்ப்ஸ் நிறமாலைமானி (விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவி) 2003 முதல் எடுத்த அளவீடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இங்கே டியூஷனுக்கு வரும் ஆறாம் படிவ மாணவர்கள் அவற்றில்தான் புறக்கோள், அதாவது வேறு விண்மீனைச் சுற்றும் கோள், தேடுகிறார்கள். கோள் இழுப்பதால் விண்மீன் லேசாக முன்னும் பின்னும் அசையும்; அதன் நிறமாலையில் தெரியும் கருங்கோடுகளும் சேர்ந்து நகரும். அந்த நகர்வு எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று கணினி வரைபடம் போடும்; அதில் உயர்ந்து நிற்கும் இடத்தைத்தான் உச்சம் என்கிறோம். சறுக்குவதும் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான்.

“சார், 1 நாளில் பெரிய உச்சம் வருது, கோள்தானே?”

அவசரப்படாதீர்கள். தரையிலுள்ள தொலைநோக்கி ஒரு விண்மீனை இரவில்தான் பார்க்கும், அதுவும் ஏறக்குறைய அதே நேரத்தில். அந்த 24 மணி நேர இடைவெளி தரவுக்குள் புகுந்துகொள்ளும். கைதேர்ந்தவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 2004-இல் அறிவிக்கப்பட்ட 55 கேன்கிரி ஈ என்ற புறக்கோள், சுமார் 2.8 நாளுக்கு ஒரு சுற்று வருவதாக நம்பினார்கள். 2010-இல் வானியலாளர்கள் டாசனும் ஃபேப்ரிக்கியும் மறுபடி கணக்குப் பார்த்து, 18 மணி நேரத்துக்கும் குறைவு என்றார்கள். நீங்களே போட்டுப் பாருங்கள்: ஒரு நாளில் அந்தக் கோள் சுமார் 1.36 சுற்று போகிறது. இரவுக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு முழுச் சுற்று தெரியாது, மிச்ச 0.36 மட்டும் தெரியும். 1-ஐ 0.36-ஆல் வகுத்தால் அதே 2.8! 2011-இல் கோள் விண்மீனைக் கடப்பதை விண்வெளித் தொலைநோக்கிகள் பதிவு செய்தபோது, 18 மணி நேரத்துக்குள் என்ற கணக்கே சரி என்று உறுதியானது.

அப்புறம், விண்மீனே கோள் வேடம் போடும். அதன் கரும்புள்ளிகள் சுழன்று வரும்போது நிறமாலைக் கோட்டின் வடிவம் கோணலாகும். கணினி அதை நகர்வாக எடுத்துக்கொள்ளும். உயிர் வாழ ஏற்றது என்று கொண்டாடப்பட்ட க்ளீஸ் 581 டி என்ற கோள், விண்மீனின் காந்தச் செயல்பாடுதான் என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. கோட்டின் வடிவத்தையும், காந்தச் செயல்பாட்டைக் காட்டிக்கொடுக்கும் கால்சியம் கோடுகளையும் பாருங்கள். உங்கள் உச்சம் விண்மீனின் சுழற்சிக் காலத்தோடு ஒத்துப்போனால் சந்தேகம்தான்.

நிறை விஷயம் சுருக்கமானது: கோளின் பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாதவரை கிடைப்பது குறைந்தபட்ச நிறை மட்டுமே. “குறைந்தது” என்று எழுத மறக்காதீர்கள்.

கடைசியாக நம் பூமி. அது நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது; 1995-இல் கண்டறியப்பட்ட 51 பெகாசி பி என்ற கோள் தன் விண்மீனை அசைப்பதோ நொடிக்கு 60 மீட்டருக்கும் குறைவு. அளவீட்டிலிருந்து பூமியின் ஓட்டத்தைக் கழித்தே ஆகவேண்டும். கோப்பில் ஏற்கெனவே கழித்திருந்தால் இரண்டாம் முறை கழிக்காதீர்கள். சரி, கழித்தாயிற்று, ஆனால் நம் காற்றிலுள்ள நீராவி நிறமாலையில் பதிக்கும் கோடுகள் இப்போது வருடம் முழுக்க முன்னும் பின்னும் நகரும். 365 நாளில் உச்சம் வந்தால், அந்தக் கோடுகள் விழும் பகுதிகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். உச்சம் அடங்குகிறதா என்று பாருங்கள்.