கணினி வந்த பின்னும் நோட்டைக் கேட்கும் நிர்வாகம்

கடலூர் சிப்காட் பகுதியில் உள்ள ஒரு நடுத்தரத் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தபோது, வந்திறங்கிய மூட்டைகளைக் கணினியில் பதிந்த ஸ்டோர் கீப்பர், அதே கணக்கை ஒரு நீள நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டேன். "எம்.டி. சார் காலையில் நோட்டைத்தான் கேட்பார்" என்றார்.

டிஜிட்டல் மாற்றத்தில் உயர் நிர்வாகிகள் செய்யும் தவறுகளுள் இதையே முதலில் வைப்பேன். நிர்வாக இயக்குநர் எதைப் பார்த்து முடிவெடுக்கிறாரோ, அதையே ஊழியர்கள் அக்கறையோடு எழுதுவார்கள். கணினியை மாலையில் ஒப்புக்கு நிரப்புவார்கள். சில மாதங்களில் இரண்டு இருப்புக் கணக்குகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போக, பழி மென்பொருளின் மேல் விழும். சரக்கை நேரில் எண்ணிச் சரியான தொடக்க இருப்பை ஏற்றிவிட்டு, ஒரு தேதியைக் குறித்து, அன்று முதல் ஆய்வுக் கூட்டத்தில் திரையில் உள்ள கணக்கை மட்டுமே பேசுவது என்று இயக்குநர் முடிவு செய்ய வேண்டும். அந்த நோட்டை மூட அவரைத் தவிர வேறு யாராலும் முடியாது.

பொறுப்பு முழுவதையும் ஐ.டி. பிரிவிடம் தள்ளிவிடுவது அடுத்த தவறு. ஒரு பர்ச்சேஸ் ஆர்டருக்குக் காகிதத்தில் ஐந்து கையெழுத்து தேவைப்பட்டது என்றால், திரையிலும் ஐந்து பேர் ஒப்புதல் அளிக்கும் வரை அது காத்துத்தான் கிடக்கும். எந்த ஒப்புதல் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் ஐ.டி. மேலாளருக்கு ஏது?

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்), அதாவது ஜி.எஸ்.டி.க்காக விற்பனை பில்லை அரசுத் தளத்தில் பதிவது, கட்டாயமானது. சட்டத்துக்காக அதைச் செய்துவிட்டு, மாற்றம் முடிந்ததாகக் கருதுவோர் உண்டு. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. இந்நிலையில் தம் கடவுச்சொல்லைக் கணக்காளரிடம் கொடுத்துவைக்கும் இயக்குநர், கணக்காளர் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தம் பெயரில் பதிவாகிறது என்பதை உணர்வதில்லை.

நம் கடற்கரைக்கே உரிய தவறு ஒன்றும் உண்டு. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புயல்களைப் பார்த்த பின்னும், சர்வரைத் தரைத்தளத்தில் வைத்து, அதன் பேக்கப்பையும் அதே அறை அலமாரியில் பூட்டுகிறார்கள். "பேக்கப் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது சார்" என்ற பதில்தான் வரும். வேறொரு கணினியில் நேற்றைய கணக்கை மீட்டு எடுத்துக் காட்டும்படி, ஐப்பசி மழைக்கு முன்பே இயக்குநர் கேட்க வேண்டும்.