கணக்குத் திறக்கப் போகும் முன்: பெயர், பிறந்த திகதி, முகவரி

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வங்கிக்குப் போய்க் கணக்குத் திறக்காமல் திரும்பி வருகிறவர்களிடம் பத்திரம் இல்லாமலில்லை. ஒரு பத்திரத்தில் உள்ளது இன்னொன்றில் இல்லை என்பதுதான் சிக்கல்.

2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி, ஆளை உறுதிப்படுத்தாமல் வங்கி கணக்குத் திறக்க முடியாது. அதனால் கவுண்டரில் இருப்பவர் கெஞ்சலுக்கு இளக மாட்டார். அதைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். மூலப் பிரதியையே கொண்டுபோங்கள். போட்டோ கொப்பி மட்டும் போதாது.

முதலில் பெயரைப் பாருங்கள். பிறப்பு அத்தாட்சியில் 'இராமசாமி', அடையாள அட்டையில் 'ராமசாமி', ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பதிவில் தகப்பன் பெயர் முன்பின்னாக இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பேரெழுதியவர் காதில் கேட்டபடி எழுதியதுதான் இன்றுவரை தொடர்கிறது. சமாதான நீதவான் முன் 'இருவரும் ஒருவரே' என்று சத்தியக் கடதாசி முடித்தால் சில வங்கிகள் ஏற்கும், ஆனால் அது தற்காலிக ஒட்டுதான். அடையாள அட்டையையே திருத்துங்கள். விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தரோ தோட்டத்தில் வசிப்பவர்களுக்குத் தோட்ட அதிகாரியோ உறுதிப்படுத்தலாம். இதைத் தள்ளிப்போட்டால் ஓய்வுபெற்று ஈ.பி.எஃப். எடுக்கும்போது அதே சிக்கல் பெரிதாக வந்து நிற்கும்.

பிறந்த திகதியை அட்டை இலக்கத்திலேயே சரிபார்க்கலாம். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்ணும் 12 இலக்க அட்டையின் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். இந்தக் கணக்கில் எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணுவார்கள். 1985 மார்ச் 1 பிறந்த பெண்ணுக்கு இலக்கம் 85561 அல்லது 1985561 என்று தொடங்கும். படிவத்தில் வேறு திகதி எழுதியிருந்தால் கேள்வி வரும்.

முகவரிதான் லயத்துக்காரர்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு, தலைவலி. கரண்ட் பில் தோட்டத்தின் பேரில், கடிதம் தோட்ட ஒப்பீசுக்கு. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழை அண்மைய திகதியில் எடுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டுமா என்று வங்கியிடம் முன்கூட்டியே கேளுங்கள். தோட்டப் பிரிவின் பெயர், லய இலக்கம், அறை இலக்கம் மூன்றும் எழுதப்பட வேண்டும். தோட்டப் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை.

தொழில், வருமானம், பணம் வரும் வழி எல்லாம் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். மகள் குவைத்திலிருந்து அனுப்புவதாக இருந்தால் அப்படியே எழுதுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு பெருந்தொகை வந்தால் விளக்கம் கேட்பார்கள். 10 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கல்கள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குத் தானாகவே அறிவிக்கப்படும். அது குற்றச்சாட்டு அல்ல.

உங்கள் கணக்கில் வேறொருவரின் பணத்தைப் போட யார் கேட்டாலும், உறவுக்காரரானாலும், சம்மதிக்காதீர்கள். விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கணக்குக்காரர்தான்.