மைதானம் பறிபோகும் முன்: ராமநாதபுரம் கடலோர ஊர்கள் செய்யும் தவறுகள்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், பெரியபட்டினம், ஏர்வாடி, மூக்கையூர் என்று கடலோரமாகப் போனால் ஊருக்கு ஒரு பொட்டலாவது கண்ணில் படும். காலையில் கருவாடு காயும், மதியம் வலை விரிந்து கிடக்கும், வெயில் தாழ்ந்ததும் பையன்கள் வாலிபால் வலை கட்டிவிடுவார்கள். யாரைக் கேட்டாலும் 'எங்க ஊர் கிரவுண்டு' என்பார்கள். வருவாய்த்துறைக் கணக்கிலோ அது பெரும்பாலும் தீர்வை ஏற்படாத தரிசு (வரி விதிக்கப்படாத அரசு நிலம்), மேய்க்கால், களம் என்று ஏதாவதொரு புறம்போக்காகத்தான் இருக்கும்.

நம் ஊர்கள் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் இதைப் பார்க்காமலே இருப்பது. கட்டடம் கட்ட பொக்லைன் வந்து நின்ற பிறகுதான் 'இது என்ன சர்வே நம்பர்?' என்ற கேள்வியே எழுகிறது. நிலத்தின் வகையும் உரிமையும் எழுதியிருக்கும் அ-பதிவேட்டின் நகலையும், அளவு காட்டும் புலப்படத்தையும் அரசின் இணைய சேவையில் எடுக்கலாம், கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். எடுத்துப் பார்த்தால் பாதி ஊர்களில் அதிர்ச்சி காத்திருக்கும். ஊர் ஒரே மைதானம் என்று நினைப்பது கணக்கில் மூன்று உட்பிரிவாக இருக்கலாம். அதில் ஒன்று தனியார் பெயரில்கூட இருக்கலாம்.

'ராஜா காலத்துல ஊருக்கு விட்ட இடம்' என்ற பேச்சு நம் மாவட்டத்தில் அதிகம். சேதுபதிகளின் ஜமீனாக இருந்த பூமி, பேச்சில் உண்மையும் இருக்கலாம். ஆனால் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் பொது நிலங்கள் அரசின் வசம் போயின. பின்னால் நிலத்தை அளந்து வரி நிர்ணயிக்கும் நிலவரித் திட்டம் வந்து புது சர்வே எண்கள் விழுந்தன. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யூ.டி.ஆரில், கணக்கு மறுபடி திருத்தி எழுதப்பட்டது. அதனால் பழைய பதிவேட்டையும் இன்றைய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவறாக ஏறிய பெயர் அங்கேதான் பிடிபடும்.

தீர்வை ஏற்படாத தரிசு என்று இருந்தால் ஆபத்து கூடுதல். ஒரு துறை கட்டடத்துக்கு இடம் கேட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தின் கண் முதலில் இந்த வகை நிலத்தின் மேல்தான் விழும். சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தால் காலி நிலம் என்றே அறிக்கை போகும். நில மாற்றத்துக்கு ஊரில் ஆட்சேபணை கேட்டு ஏ-1 விளம்பரம் செய்வார்கள். அந்தத் தாள் எங்கே ஒட்டியிருந்தது என்றே பலருக்குத் தெரியாது. 'ஆட்சேபணை ஏதும் வரவில்லை' என்ற ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், பிறகு நூறு பேர் மறியல் செய்தாலும் அதை அழிப்பது கடினம். சண்டை எதுவும் இல்லாத காலத்திலேயே வகைப்பாட்டை விளையாட்டு மைதானம் என்று மாற்றச் சொல்லி மனு கொடுப்பதுதான் உருப்படியான வேலை. தனிப்பட்ட பட்டா கேட்டு அலைவது வீண். விளையாட்டு மன்றத்தின் பெயரில் வேலி போட்டால் நாமே ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவோம்.

அடுத்தது ஊர்க்கூட்டம். ஜமாத்திலோ, பங்குப் பேரவையிலோ, நாட்டாமை முன்னிலையிலோ 'இடத்தைத் தொடக் கூடாது' என்று முடிவெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். ஊருக்குள் அந்த முடிவுக்கு மரியாதை உண்டு. அரசுக் கோப்பில் அது கிராம சபைத் தீர்மானம் ஆகாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களும், பிறகு சேர்த்த மார்ச் 22, நவம்பர் 1 கூட்டங்களும் இதற்குத்தானே இருக்கின்றன. அங்கே சர்வே எண்ணைச் சொல்லித் தீர்மானம் எழுதுங்கள். கூட்டம் கலைவதற்குள் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு நகலும் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் இருக்கும் இடத்தில் இது மிக முக்கியம். கீழக்கரை, ராமேஸ்வரம் போன்ற நகராட்சிகளிலும் தொண்டி, மண்டபம் போன்ற பேரூராட்சிகளிலும் கிராம சபை கிடையாது. அங்கே மன்ற உறுப்பினரையும் செயல் அலுவலரையும் ஆணையரையும்தான் எழுத்தில் பிடிக்க வேண்டும்.

மைதானத்தில் நூறு நாள் வேலையோ அரசின் விளையாட்டுத் திட்டப் பணியோ ஏதாவது நடந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். நடந்திருந்தால் அந்தப் பணியின் கோப்பே 'இது விளையாட்டுத் திடல்' என்பதற்கு அரசு தந்த சாட்சி. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நகல் கேட்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். 'ஏன் கட்டுகிறீர்கள்?' என்று விளக்கம் கேட்டு எழுதினால் ஒன்றும் கிடைக்காது. கோப்பு, வரைபடம், தீர்மானம் என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

இனி, மனதுக்குச் சங்கடமான இடம். வரப்போகும் கட்டடம் பல நேரம் நல்ல கட்டடம். அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டி, புயல் பாதுகாப்பு மையம். 1964இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கரையில் புயல் மையம் வேண்டாம் என்று யார் சொல்வது? பிள்ளையைத் தகரக் கொட்டகையில் விட்டுவிட்டு மீன் விற்கப் போகும் தாய்க்கு அங்கன்வாடிதான் அவசரம். 'வேண்டாம்' என்று மட்டும் எழுதிய மனு அவளுக்கு எதிரான மனுவாகிவிடும். அது தோற்பதில் வியப்பில்லை. மாற்று இடத்தின் சர்வே எண்ணையும் பரப்பையும் பாதை வசதியையும் எழுதிக் கொடுத்த மனுவுக்கு அதிகாரி பதில் சொல்லியே ஆகவேண்டும். மாற்று இடமே இல்லையென்றால், ஆடுகளத்தைக் குலைக்காமல் ஓரத்து மூலையில் கட்டச் சொல்லுங்கள். நட்ட நடுவில் அஸ்திவாரம் விழுந்தால் மிச்ச இடமும் எதற்கும் உதவாது.

வெளியார் கட்டினால் கொதிக்கும் நாம், நம் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவதைக் கணக்கில் வைப்பதில்லை. தொகுதி நிதியில் கலையரங்கம், அதன் பக்கத்தில் நிழற்குடை, பிறகு ஒரு வழிபாட்டு இடம். பொது இடங்களிலும் பூங்காக்களிலும் அனுமதியில்லாமல் புதிய வழிபாட்டுக் கட்டடங்கள் எழ விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. எந்த மதத்துக்கும் இதில் விலக்கு இல்லை.

இந்த இடத்தில்தான் விவகாரம் சாதிச் சண்டையாகவோ மதச் சண்டையாகவோ திரும்புகிறது. நம் மாவட்டத்தில் அதற்கு அதிக நேரம் ஆகாது. தயவுசெய்து அந்தப் பாதையில் ஓரடிகூட வைக்காதீர்கள். பிரச்சினை சட்டம் ஒழுங்காக மாறிய நிமிடத்தில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை, தடை உத்தரவு, மைதானத்துக்குப் பூட்டு. யாரும் விளையாட முடியாது. வளைகுடாவுக்குப் போக விசா பார்த்துக்கொண்டிருக்கும் பையன் மீது வழக்கு விழுந்தால் காவல்துறைச் சான்று கிடைக்காமல் நிற்கும், அவன் குடும்பத்தின் கடனும் அடையாமல் நிற்கும். மனுவில் எல்லாத் தெருவின் கையெழுத்தும் இருக்கட்டும். வலை காயவைப்பவர், ஆடு மேய்ப்பவர், கருவாடு போடும் பெண்கள், கபடி ஆடும் பெண் பிள்ளைகள் என அந்த மண்ணை மிதிக்கிற எல்லாரும் வரட்டும். ஒரு கிரிக்கெட் அணி மட்டும் கேட்கும் இடத்துக்கு ஊர் துணை நிற்காது.

கடலை ஒட்டிய இடமென்றால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அதை மறந்துவிட்டு விளையாட்டை மட்டும் பேசுவதும் தவறு. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப் பகுதிகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறிவரும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடுக்கிறது. மீன் உலர்த்தும் களம், வலை பின்னும் கூடம் போன்ற மீனவர் தேவைகளுக்கு அதில் இடம் உண்டு. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களில் இந்தத் தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தது. உங்கள் ஊருக்கு எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பவளப்பாறை அழிந்துவிடும், ஆமை வராது என்று இல்லாததை எல்லாம் மனுவில் அடுக்க வேண்டாம். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள்.

புதிதாக வரும் பிளாட்டுகளில் சிக்கல் வேறு மாதிரி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும். அந்தப் பத்திரம் பதிவானதா என்று மனை வாங்கும்போதே பாருங்கள்.

நீதிமன்றம் போவதென்றால் கூரை போடும்வரை காத்திருக்காதீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் பொதுவாக 6 மாதக் கெடு உண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடும்போது, ஊர்ப் பொது நிலங்களைக் காக்கச் சொன்ன 2011ஆம் ஆண்டின் ஜக்பால் சிங் வழக்குத் தீர்ப்பை வழக்கறிஞர் அநேகமாகக் காட்டுவார். நல்ல தீர்ப்புதான். ஆனால் உங்கள் நிலம் பொதுப் பயன்பாட்டில் இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பழைய போட்டி நோட்டீஸ், தேதியுள்ள புகைப்படம், கூகுள் எர்த்தின் பழைய வருடப் படங்கள் எல்லாவற்றையும் முதலிலேயே சேர்த்து வையுங்கள். ஊர் சார்பில் பிரதிநிதித்துவ வழக்கு போட யாராவது அவசரப்பட்டால் கொஞ்சம் நிறுத்துங்கள். அரைகுறையாக நடத்தித் தோற்றால் அந்தத் தீர்ப்பு வழக்கில் பெயர் இல்லாதவர்களையும், மொத்த ஊரையும் கட்டுப்படுத்தும். ஆவணம் கைக்கு வந்த பிறகு போடலாம்.