ஏலக்காய் எடுத்துவிட்டு வந்த முதுகுக்கு எண்ணெய் போட்டு நீவுவது எப்படி

விடியக்காலை கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு மலைரோடு தாண்டி இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டுகிற நேரத்தில் திரும்பும் எங்கள் அம்மாவின் முதுகில்தான் நான் இந்த வேலையைப் பழகினேன். ஏலக்காய் கிளையில் காய்க்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில்தான் காய்க்கும், அதனால் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்கணும், போதாததற்கு மலைரோட்டு ஜீப் குலுக்கல் வேறு.

மெத்தை வேண்டாம், நாம் அழுத்துவதை எல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும். தரையில் பாய், அதன்மேல் பழைய சேலை, குப்புறப் படுத்தவர் வயிற்றுக்கடியில் மெல்லிய தலையணை ஒன்று. எண்ணெய்க்குக் குமுளியில் தைலம் தேடி அலைய வேண்டியதில்லை, நல்லெண்ணெய் போதும். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வலிக்கிற இடத்தில் எடுத்ததும் கை வைக்காதீர்கள். இரண்டு உள்ளங்கையையும் இடுப்பில் பதித்து, முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் தோள் வரை மெதுவாக நீவி, தோளைச் சுற்றிப் பக்கவாட்டில் இறங்கி வாருங்கள். ஏறும்போது அழுத்தம், இறங்கும்போது சும்மா கை படுகிற மாதிரி. பத்துத் தடவையில் சதை இளகும். அப்புறம் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்கும் சதையைச் சப்பாத்தி மாவு பிசைவதுபோல மாறி மாறிப் பிடித்து விடுங்கள். கடைசியாகக் கட்டைவிரல். தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, அழுத்திச் சின்னச் சின்ன வட்டமாக, இடுப்பிலிருந்து மேலே. முடிச்சு மாதிரி ஒன்று தட்டுப்பட்டால் அங்கேயே பத்து எண்ணும்வரை அழுத்தி வைத்து, பிறகு கையை எடுங்கள், குத்த வேண்டாம். பலம் விரலிலிருந்து வரக்கூடாது, மண்டியிட்டு உடம்பைச் சாய்த்தால் அதுவே வரும், இல்லையென்றால் மறுநாள் உங்கள் மணிக்கட்டு வலிக்கும்.

எலும்பின்மேல் அழுத்தவே கூடாது. விலாவுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே இருக்கும் பக்கங்களில் தட்டுவதும் குத்துவதும் வேண்டாம், உள்ளே சிறுநீரகம் இருக்கிறது. நம் ஊரில் பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வார்களே, நானும் தம்பியை அப்படி ஏற்றிவிட்டேன், அம்மா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அதோடு விட்டோம்.

சரி, இதனால் என்ன கிடைக்கும்? இறுகின சதை தளரும், சில நாள் வலி குறையும், நன்றாகத் தூக்கம் வரும். 2017-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்கிற மருத்துவர் சங்கம் தந்த வழிகாட்டுதலிலேயே, புதிதாக வந்த இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்னால் ஒத்தடமும் மசாஜும் முயலலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் விலகின டிஸ்க்கை உள்ளே தள்ளும், உடம்பில் இருக்கும் நஞ்சை இறக்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

காய்ச்சல், புண், தோல்நோய், எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். கால் மரத்துப் போகிறது, பலம் குறைகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரம் வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மொத்தம் கால் மணி நேரம் போதும். முடிந்ததும் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, சூடு பொறுக்கும் பதத்தில் ஒத்தடம் கொடுங்கள். உடனே எழுப்பாமல் கொஞ்சம் கிடக்க விட்டு, ஒருக்களித்து, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். எங்கள் அம்மா எழுவதில்லை, பாதியிலேயே தூங்கிவிடுவார். போர்த்திவிட்டு, தரையில் சிந்திய எண்ணெயைத் துடைத்துவிட்டு நான் போய்ப் படுப்பேன்.