மைனஸ் முப்பதில் கிழட்டு டி7ஐ எழுப்புவது

கனடாவில், அல்பேர்ட்டாவின் வடக்கே, பீஸ் ரிவர் பக்கம் நான் பனி தள்ளுகிற டி7 என்னைவிட மூத்தது. 1940களின் கடைசியில் வந்த, சங்கிலியில் ஓடுகிற கற்றர்பில்லர் புல்டோசர். நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின், ஒவ்வொன்றும் 5¾ அங்குல அகலம், பிஸ்ரன் 8 அங்குல ஓட்டம். மைனஸ் 30இல் இந்த இரும்பைச் சுற்ற பற்றரியால் ஏலாது. அதுக்காகவே பக்கத்தில் இரண்டு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் ஒன்று இருக்கு. எல்லாரும் 'போனி' என்பார்கள்.

வேலை முதல்நாள் பின்னேரமே தொடங்கும். சங்கிலிக்குள் அடைந்த சேற்றையும் பனியையும் அலவாங்கால் குத்தி எடுங்கோ. மெஷினைப் பலகையில் ஏற்றி நிறுத்தி, பிளேடையும் குற்றியில் இறக்குங்கோ. முதல் வருசம் நான் பஞ்சிப்பட்டு விட்டிட்டேன். விடியப் பார்த்தால் சங்கிலி நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. உடைத்தெடுக்க மத்தியானம் ஆச்சு. இழுத்துப் பார்க்கலாம் என்று கிளச்சை விட்டிருந்தால் பின்பக்கப் பல்லுச் சக்கரம் போயிருக்கும். டீசல் தாங்கியையும் அப்பவே நிரப்புங்கோ. வெறுமையாய் விட்டால் உள்ளே ஈரம் தண்ணியாகி, குழாயில் ஐஸ் பிடிக்கும். குளிர்கால டீசல்தான் ஊத்த வேணும். கோடை டீசல் மெழுகாகிப் பில்டரை அடைக்கும்.

விடிய முதல் வேலை, போனியின் டிப்ஸ்டிக்கை மணந்து பார்ப்பது. பெற்றோல் மணந்தால் ஒயிலை மாற்றாமல் தொடவே வேண்டாம். முதல்நாள் பெற்றோல் திருகியைப் பூட்ட மறந்திருக்கிறீர்கள், அது காபரேற்றரால் கசிந்து ஒயிலுக்குள் இறங்கியிருக்கு.

போனியைக் கைப்பிடியால் சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கோ. பிடியைச் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கிற நேரம் பெருவிரல் போகும், இல்லாட்டி மணிக்கட்டு. மேலே இழுக்க வேணும், கீழே அமத்தக் கூடாது.

போனி சீராக ஓடத் தொடங்கினதும், பெரிய எஞ்சினின் கொம்பிரசன் லீவரை (காற்றை அமத்தாமல் லேசாய்ச் சுழலவிடுகிற லீவர்) 'ஸ்ரார்ட்' பக்கம் தள்ளுங்கோ. போனியின் கிளச்சை விடுவித்து, பினியனை (பெரிய எஞ்சினைச் சுற்றுகிற சின்னப் பல்லுச் சக்கரம்) கொழுவி, பிறகு கிளச்சை மெல்லப் பிடிக்க விடுங்கோ. பெரியவர் சத்தமில்லாமல் சுழல்வார். இங்கேதான் ஆக்கள் அவசரப்படுறவை. இரண்டு எஞ்சினுக்கும் தண்ணி ஒன்று; போனியின் புகை பெரியவரின் காற்றுக்குழாயைச் சூடாக்கித்தான் வெளியே போகுது. அதாவது சின்னவர் பெரியவரைச் சமைக்கிறார். பத்துப் பதினைந்து நிமிசம் விடுங்கோ. ஒயில் அமுக்கம் ஏறி, கையுறையைக் கழற்றித் தொட்டால் குழாயில் சூடு தெரிந்த பிறகே லீவரை 'ரன்'னுக்கு மாற்றுங்கோ. போனி முக்கும், சத்தம் இறங்கும். அந்த நேரம் டீசலைத் திறக்க, வெள்ளைப் புகை கக்கி, ஒன்று விட்டு ஒன்று வெடித்து, பிடிச்சுக்கொள்ளும். பினியன் தானே கழரும். கெதியாய்ப் பிடிக்க ஈதர் (சட்டென்று தீப்பிடிக்கிற திரவம்) அடிக்கச் சொல்லுவினம். கேளாதேங்கோ, பிஸ்ரன் வளையங்கள் உடையும்.

இப்ப பெற்றோல் திருகியைப் பூட்டி, காபரேற்றரில் உள்ளது தீருமட்டும் போனியை ஓடவிட்டு நிற்பாட்டுங்கோ.

ரேடியேற்றர் முன்னால் கன்வஸைக் கட்டி, இருபது நிமிசமாவது சூடேற விடுங்கோ. பிறகு முதல் கியரில் பத்தடி முன்னே, பத்தடி பின்னே. சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்தியே வைத்திருங்கோ. பனி உள்ளே அடைய அடைய அது தானே இறுகும்.