பழைய இரும்புக்கடையில நல்ல ஸ்பானர் பொறுக்கிறது எப்பிடி

யாழ்ப்பாணத்தில பழைய ஸ்பானர் சேர்க்க ஆசைப்படுற ஆக்கள் புதுச்சாமான் கடைப்பக்கம் போகத் தேவையில்லை, பழைய இரும்புக்கடைக்கு விடியவே போங்கோ, லொறியில ஏத்தி அனுப்பிப்போட்டினமெண்டா பிறகு ஒண்டும் செய்யேலாது. வீடு வீடா வந்து இரும்பு, போத்தல் எடுக்கிற அண்ணைமாரோட பழக்கம் பிடிச்சு வச்சா இன்னும் நல்லம். எங்கட ஊரில ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார் எல்லாம் கனகாலம் ஓடினது, தோட்டக் கிணறுகளில இங்கிலாந்து எஞ்சின் பூட்டித் தண்ணி இறைச்சவை, அதுகளைக் கழட்டிப் பூட்டின ஆயுதம்தான் இப்ப கிலோக் கணக்கில விலைப்படுது. எனக்கு அதைப் பாக்க வயிறு எரியும்.

கையில எடுத்த உடன விலை கேக்காதேங்கோ, முதலில அதில குத்தியிருக்கிற எழுத்தை வாசியுங்கோ. கறள் மூடியிருந்தா வெண்கட்டியை மேல தேய்ச்சுப்போட்டு விரலால துடையுங்கோ, பள்ளத்துக்குள்ள மட்டும் வெள்ளை நிக்கும், போன் லைட்டை பக்கத்தால சரிச்சுப் பிடிச்சா தேஞ்ச எழுத்தும் தெரியும்.

அடுத்தது சைஸ், கனபேர் குழம்புற இடம் இதுதான். ஸ்பானரில 1/4 எண்டு கிடக்கும், ஆனா வாயை வேர்னியரால அளந்தா 13.3 மில்லிமீற்றர் வரும், அதாவது அரை இஞ்சியையும் தாண்டும். பிழையான ஸ்பானர் எண்டு தூக்கி எறிஞ்சிடாதேங்கோ. அது விற்வேர்த் சைஸ், ஜோசப் விற்வேர்த் எண்ட இங்கிலாந்துக்காரர் 1841இல கொண்டு வந்த மரை முறை, அதில எழுதிறது நட்டின்ர அகலம் இல்லை, போல்ற்றின்ர தண்டின்ர தடிப்பு. 5/16 டபிள்யூ எண்டா வாய் 15.2, 3/8 டபிள்யூ எண்டா 18 மில்லிமீற்றர். அதே வாயில மற்றப் பக்கம் பி.எஸ்.எஃப் (நெருக்கமான பிரிட்டிஷ் மரை) எண்டு வேற நம்பரும் இருக்கும், 1/4 டபிள்யூவும் 5/16 பி.எஸ்.எஃப்பும் ஒரே வாய்தான். பிறகு இரண்டாம் உலக யுத்தகாலத்தில இரும்பு மிச்சம் பிடிக்க விற்வேர்த் நட்டின்ர தலையை ஒரு சைஸ் குறைச்சவை, அதால பிந்தி வந்த சில ஸ்பானரில அதே நம்பருக்குச் சின்ன வாயும் இருக்கும், எப்பவும் அளந்து பாத்துத்தான் முடிவெடுக்கோணும். ஏ.எஃப் எண்டு போட்டிருந்தா கரைச்சல் இல்லை, எழுதினதுதான் வாய், 1/2 எண்டா 12.7 மில்லிமீற்றர். 1948இல இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா மூண்டும் ஒரே மரைக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் இங்கிலாந்துக் கார்கள் மெல்ல மெல்ல ஏ.எஃப் பக்கம் வந்தது.

கொம்பனிப் பெயர்களில கிங் டிக் கண்டா விடாதேங்கோ, பேர்மிங்காமில செய்த சாமான். நத்தைப் படம் குத்தின ஸ்பானரும் அந்த ஊர்தான். கெடோரே ஜேர்மன், 'வெஸ்ற் ஜேர்மனி' எண்டு இருந்தா 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. திருகிச் சைஸ் மாத்திற ஸ்பானரில பாக்கோ சுவீடன்காரற்ற, 1892இல காப்புரிமை எடுத்த வடிவம், இண்டைக்கும் அதேதான். அம்புக்குறி மாதிரி மூண்டு கோடு குத்தியிருந்தா அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்தின்ர அடையாளம், பக்கத்தில 1942, 1943 எண்டு வருசமும் இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில பலாலி விமானத்தளத்தை கட்டினதே பிரிட்டிஷ் விமானப்படைதான், அதால இங்க அப்பிடி ஒண்டு கிடைச்சா நான் ஆச்சரியப்படமாட்டன்.

வாங்க முதல் வாயின்ர ரெண்டு சொண்டையும் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்கோ, விரிஞ்சிருந்தா, சுத்தியலால அடிச்ச தழும்பு இருந்தா, பைப் வச்சு ஒட்டியிருந்தா வேலைக்கு உதவாது, பெயர் நல்லதெண்டா மட்டும் சேர்த்து வைக்க எடுக்கலாம். மேற்பரப்புக் கறளுக்கு பயப்படாதேங்கோ.

துப்புரவாக்கிறதில அவசரம் கூடாது. கிரைண்டரை கிட்டவும் கொண்டு போகாதேங்கோ, எழுத்து போனா அது வெறும் இரும்புத்துண்டு. ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில ஊற விட்டு பித்தளைத் தும்பு பிறஷால தேய்ச்சா பாதி போயிடும். மிச்சத்துக்கு வினாகிரி, ஆனா நிக்கல், குரோம் பூசினதை அதுக்குள்ள போட்டா பூச்சு உரியும், கறுப்புச் சாமானை மட்டும் போட்டு அடிக்கடி எடுத்துப் பாருங்கோ. பிறகு நல்ல தண்ணியில கழுவி வெயிலில காயவச்சு சூடு ஆற முதல் மெசின் ஒயில் பூசுங்கோ. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள் போகப் பசை மாதிரி ஒட்டும். கரையோரம் இருக்கிற ஆக்கள் உப்புக்காத்துக்கு மாதமொருக்கா ஒயில் துணியால துடைச்சு விடோணும். எங்க எடுத்தது, வாய் எத்தினை மில்லிமீற்றர் எண்டு ஒரு துண்டில எழுதி நூலால கட்டி வையுங்கோ, பத்து இருபது சேர்ந்த பிறகு ஞாபகத்தில நிக்காது.