கிளப் சந்தா கட்றதுக்கு முன்னாடி அவங்க புத்தகத்தோட கடைசிப் பக்கத்த பாருங்க

நாப்பது தாண்டுனா டாக்டர் சொல்றாரோ இல்லியோ, பேண்ட் சொல்லிடும். எனக்கு அப்டித்தான் ஆச்சு. பழைய வண்ணாரப்பேட்டைல வீடு, பாரிமுனைல வேல, எட்டு மணி நேரம் சேர்ல ஒக்காந்தே கெடக்குறேன், சரி ஷட்டில் ஆடலாம்னு ஒரு கிளப்ல போய் சேந்தேன், பேரு வேணாம். என்ட்ரி ஃபீஸ் 2000, வருஷ சந்தா 7200, அதுக்கு மேல மெம்பருங்களுக்குன்னு ஒரு புத்தகம் போடுறாங்க அதுக்கு 360, மொத்தம் 9560 ரூபா ஒரே அடியா ஜிபேல போச்சு. வருஷக் கடைசில மொபைல் காலண்டர்ல நான் போன நாள எண்ணிப் பாத்தேன். 46.

அதாவது ஒரு நாள் ஆட்டம் எனக்கு 208 ரூபா. அதே ஏரியால மணிக்கு 400 ரூபான்னு வாடகைக்கு விடுற கோர்ட் இருக்கு, நாலு பேர் சேந்தா தலைக்கு நூறு. பாதி துட்ட நான் ஆடாமயே அழுதிருக்கேன். இத படிக்கிற நீங்க அப்டி அழ வேணாம்னுதான் இவ்ளோ நீட்டா எழுதறேன்.

மொதல் வேல, கணக்க மாத்திப் போடுங்க. கிளப்காரங்க எப்பவுமே "சார் மாசத்துக்கு வெறும் 600தான் வருது, ஒரு பிரியாணி காசு"ன்னுதான் சொல்லுவாங்க, மாசக் கணக்குல பாத்தா எதுவுமே கம்மியாத்தான் தெரியும். நீங்க நாள் கணக்குல பாருங்க. மொத்தமா கட்டுற காச, பக்கத்துல வாடகைக்கு ஆடுனா ஒரு தலைக்கு என்ன ஆகுமோ அதால வகுங்க. என் கேஸ்ல 9560ஐ நூறால வகுத்தா 96 நாள். மொதல் வருஷம் 96 நாள் போயிருந்தாதான் எனக்கு சந்தா கட்டுப்படி. ரெண்டாவது வருஷம் என்ட்ரி ஃபீஸ் கெடையாது, 76 நாள் போனா போதும், மாசத்துக்கு ஆறு ஏழு நாள். பெரிய விஷயம் இல்லன்னு தோணும். நானும் அப்டித்தான் நெனச்சேன், ஆனா கல்யாண மாசம் வரும், பையனுக்கு பரிட்சை வரும், நம்ம ஊர் மழை வரும். ஐப்பசி கார்த்திகைல எங்க தெருவுல தண்ணி நின்னா கோர்ட்டுக்கு இல்ல, பால் வாங்கவே போக முடியாது. அதனால "வாரத்துக்கு நாலு நாள் போவேன்"னு மனசு சொல்றத நம்பாதீங்க, போன மூணு மாசத்துல நீங்க எத்தன நாள் வாக்கிங் போனீங்கன்னு பாருங்க, அதான் உண்மையான நம்பர்.

காசிமேட்டுல எனக்கு ஒரு மச்சான், படகுல போறவரு. அவருக்கு இந்த வருஷ சந்தா கணக்கே செட் ஆவாது. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடை, 61 நாளு கரைலதான், அப்போ தெனமும் ஆட வருவாரு, மத்த மாசத்துல தலையே தெரியாது. அவர போய் ஒரு எடத்துல வருஷ சந்தா கட்ட சொல்லி பேஜார் பண்ணாங்க. "இன்னாபா, கடல்ல கீற நாளுக்கும் நான் துட்டு குடுக்கணுமா"ன்னு கேட்டுட்டு வந்துட்டாரு. கரெக்டான கேள்வி. ஹார்பர்ல, எண்ணூர் பக்கம் கம்பெனில ஷிஃப்ட் பாக்குறவங்களும் இதயே கேக்கணும். மாசம் மாசம் கட்டலாமா, வராத மாசத்த நிறுத்தி வைக்க முடியுமா? முடியாதுன்னா வாடகை கோர்ட்டே நல்லது.

அடுத்தது டைம். பெரியவங்க சேர்ற எடத்துல இதான் பெரிய ஓட்ட. சாயங்காலம் நாலு மணிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் பசங்க கோச்சிங்னு கோர்ட்ட பூரா எடுத்துக்குவாங்க, ஏன்னா கிளப்புக்கு வருமானமே அதுலதான். தப்பில்ல, பசங்க கத்துக்கட்டும். ஆனா உங்களுக்கு மிச்சம் ராத்திரி எட்டு மணிக்கு மேலதான், அதுலயும் பத்து வருஷமா ஒண்ணா ஆடுற செட்டு ஒண்ணு இருக்கும், அவங்க ஆடி முடிச்சு வேர்வ தொடச்சு அரசியல் பேசி எந்திரிச்சாதான் நமக்கு எடம். நான் போன 46 நாள்ல பாதி நாள் பெஞ்சுலதான். அதனால பணம் கட்றதுக்கு முன்னாடி, சும்மா ஞாயித்துக்கெழம காலைல போய் பாத்துட்டு வராம, நீங்க நெஜமா எந்த நேரம் போவீங்களோ அந்த நேரத்துக்கு ஒரு செவ்வாக்கெழமையோ புதன்கெழமையோ போய் அரை மணி நேரம் ஓரமா நின்னு பாருங்க. எத்தன பேர் நிக்கிறாங்க, புதுசா வந்தவன ஆட்டத்துல சேத்துக்கிறாங்களா, "வா தம்பி ஒரு கேம் ஆடு"ன்னு யாராச்சும் கூப்புடுறாங்களா. கூப்புடுற ஆள் ஒருத்தர் இருந்தாலே அந்த கிளப் பாதி தேறிடும்.

ஷட்டில் காச மறக்காதீங்க. சந்தாக்குள்ள பந்து வராது பல எடத்துல. ஃபெதர்னு சொல்ற எறகு பந்துல 16 எறகு இருக்கும், ரெண்டு எறகு ஒடஞ்சா பந்து கோணலா சுத்தும், நாங்க ஆடுற முரட்டு ஆட்டத்துக்கு ரெண்டு கேமுக்கு ஒண்ணு காலி. நைலான்னா நாள் கணக்குல வரும், ஆனா சீனியருங்க அத தொட மாட்டாங்க. யார் பந்து வாங்குறது, டப்பா காச எப்டி பிரிக்கிறதுன்னு மொதல்லயே கேட்டுக்கங்க, இல்லன்னா கூச்சத்துலயே மாசா மாசம் ஒரு டப்பா நம்ம தலைல விழும்.

இப்போ ரசீது. "ஜிஎஸ்டி தனி சார்"னு சொன்னாங்கன்னா கொஞ்சம் உஷாராவுங்க. சர்வீஸ் குடுக்குற எடத்துக்கு வருஷ வருமானம் 20 லட்சம் தாண்டுனாதான் பொதுவா ஜிஎஸ்டி பதிவே கட்டாயம், நம்ம தெரு முக்கு கிளப்ல முக்கால்வாசி அத தொடாது. வரி வாங்குறாங்கன்னா ரசீதுல 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர் இருக்கணும், தமிழ்நாட்டு நம்பர்னா 33ல ஆரம்பிக்கும். 7200க்கு 18 சதவீதம்னா 1296 ரூபா, சின்ன காசா? நம்பர் இல்லாம அத வாங்குனா அது வரி இல்ல, வேற ஏதோ. ஜிம்முன்னா இன்னொண்ணு தெரிஞ்சுக்கங்க, 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஜிம்முக்கு 18லேர்ந்து 5 சதவீதமா கொறச்சுட்டாங்க, பழைய ரேட்லயே பில் போட்டா கேளுங்க.

சரி, புத்தகத்துக்கு வர்றேன். இதுக்காகத்தான் உண்மைல எழுத ஆரம்பிச்சேன்.

எங்க ஷட்டில் கிளப் புத்தகம் மூணு மாசத்துக்கு ஒண்ணு, 32 பக்கம், வழவழன்னு கலர் பேப்பர். அட்டைல தலைவருக்கு மால போடுறாங்க. உள்ள தொறந்தா செயலாளர் மடல். அப்புறம் பொன்னாடை போட்டோ, ஒரு புத்தகத்துல மட்டும் 11 எண்ணுனேன், அதுல நாலு அதே பொன்னாடை மாதிரிதான் இருந்துச்சு. நடுவுல நகைக்கட ஜவுளிக்கட விளம்பரம் முழுப்பக்கம். எனக்கு தேவையான ஒரே விஷயம் 27ஆவது பக்கத்துல ஒரு சின்ன கட்டத்துக்குள்ள, நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு டபுள்ஸ் போட்டி, பேர் குடுக்க கடைசி தேதி போட்டிருந்தாங்க. புத்தகம் என் கைக்கு வந்தப்போ அந்த தேதி முடிஞ்சு மூணு வாரம். வாட்ஸ்அப் குரூப்ல அது எப்பவோ வந்துடுச்சாம், குரூப்ல என்ன சேக்க மறந்துட்டாங்களாம். விளம்பரத்துலயே அச்சு செலவு வந்துடுமே, அப்புறம் எதுக்கு எங்ககிட்ட 360ன்னு கேட்டேன். செயலாளர் என்ன பாத்து சிரிச்சாரு, பதில் வரல.

இதுக்கு நேர் எதுரு, எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு கேரம் கிளப். கிளப்புன்னா ஒரு மாடி ரூம், நாலு போர்டு, ஒவ்வொரு போர்டு மேலயும் தொப்பி மாட்டுன மாதிரி ஒரு பல்பு தொங்கும், போரிக் பவுடர் வாசன படிக்கட்டுலயே வரும். மாசம் 100 ரூபா. இங்கயும் ஒரு புத்தகம் இருக்கு. ஏ4 பேப்பர் நாலு, ஜெராக்ஸ் எடுத்து மூலைல பின் அடிச்சது, 20 ரூபா. மொதல் பக்கம் யார் யார ஜெயிச்சாங்கன்னு. ரெண்டாவது பக்கம் ஒரு பெரியவர், ரிட்டையர்டு ரயில்வே, ஒரே ஒரு போர்ட, அதாவது ஒரு ரவுண்டு ஆட்டத்த எடுத்து அக்கு வேறா பிரிச்சு எழுதுவாரு. போன தடவ எழுதுனது இன்னும் ஞாபகம் இருக்கு: கேம் 25 பாயிண்ட், நம்ம ஆள் 22ல நிக்கிறான், ரெட்டு காய்க்கு 3 பாயிண்ட்டுன்னு பாஞ்சு போய் அத போட்டுட்டு, அடுத்து தன் காய போடுற ஃபாலோவ மிஸ் பண்ணி தோத்துட்டான், ஆனா 21 வரைக்கும்தான் ரெட்டுக்கு பாயிண்ட், 22 வந்துட்டா ரெட்டு போட்டாலும் உனக்கு ஒண்ணும் ஏறாது, எதிராளி எடுக்காம தடுக்கத்தான் அது, அப்போ அவசரம் எதுக்கு, ஃபாலோவுக்கு ஒண்ண மிச்சம் வச்சுட்டு மத்த வெள்ளய மொதல்ல காலி பண்ணுடான்னு. இருவது வருஷமா கேரம் ஆடுறேன், எனக்கு இது தெரியாது. 20 ரூபா அங்கயே வசூல்.

கடைசிப் பக்கம்தான் முக்கியம். வரவு செலவு. சந்தா இவ்ளோ வந்துச்சு, கரண்ட் பில் இவ்ளோ, பவுடர் இவ்ளோ, பல்பு ரெண்டு, ஸ்ட்ரைக்கர் ஒண்ணு, டீ இவ்ளோ, கைல மிச்சம் இவ்ளோ, பாக்கி வச்சவங்க பேரு கூட இருக்கும், ஒரு தடவ என் பேரும் இருந்துச்சு, மறுநாளே போய் கட்டிட்டேன். ஷட்டில் கிளப்போட 32 பக்கத்துல இந்த ஒரு பக்கம் கெடையாது.

அதனால எந்த கிளப்ல சேர்றதா இருந்தாலும் "பழைய புத்தகம் ரெண்டு குடுங்க, பாத்துட்டு தர்றேன்"னு கேளுங்க. மெம்பருங்க ஆட்டத்த பத்தி எழுதிருக்கா, போட்டி தேதி முடியறதுக்கு முன்னாடி வருதா, கணக்கு போட்டிருக்கா. மூணுல கணக்கு இல்லன்னா மத்த ரெண்டு இருந்தும் எனக்கு திருப்தி இல்ல. பதிவு பண்ண சங்கம்னா 1975ஆம் வருஷ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கு காட்டி, பதிவாளர்கிட்டயும் தாக்கல் பண்ணணும், நீங்க கேக்குறது ஒண்ணும் அதிகப்பிரசங்கித்தனம் இல்ல. புத்தகம் வேணாம், பிடிஎஃப் போதும், அந்தக் காச கழிச்சுக்கங்கன்னும் தைரியமா கேக்கலாம், சில எடத்துல ஒத்துக்கிறாங்க. வெளியூர் வெளிநாட்டு மேட்ச் படிக்கணும்னா அதுக்கு கிளப் புத்தகம் எதுக்கு, 1978லேர்ந்து நம்ம சென்னைலேர்ந்தே ஸ்போர்ட்ஸ்டார் பத்திரிகை வருது.

இதெல்லாம் கேட்டுட்டு சந்தாவே தண்டம்னு நெனச்சுடாதீங்க. போட்டில ஆடணும்னு ஆச இருந்தா கணக்கு வேற. ஸ்டேட் லெவல் போகணும்னா மாவட்ட சங்கம் வழியாத்தான் போகணும், அங்க பதிவு பண்றதுக்கும் என்ட்ரி குடுக்குறதுக்கும் கிளப் ஆளுங்க வழி காட்டுவாங்க, வாடகை கோர்ட்காரன் அத பண்ண மாட்டான். கேரம்ல நம்ம வட சென்னைக்கு ஒரு பேரு இருக்குன்னா அதுக்கு காரணம் இந்த மாதிரி நூறு ரூபா ரூமுங்கதான்னு நான் சொல்லுவேன். வியாசர்பாடி இளவழகி 2008ல உலக சாம்பியன், 2024 நவம்பர்ல அமெரிக்கால நடந்த உலகக் கோப்பைல மூணு தங்கம் வாங்குன காசிமா, ஆட்டோ ஓட்டுறவரோட பொண்ணு, புது வண்ணாரப்பேட்ட. அந்த செய்தி வந்த அன்னிக்கு எங்க மாடி ரூம்ல எல்லாருக்கும் டீ, கடைசிப் பக்கத்துல அந்த செலவும் ஏறுச்சு.

இலவச எடத்தயும் கணக்குல வச்சுக்கங்க. கார்ப்பரேஷன் கிரவுண்டு நம்ம வரிப்பணம். 2024 அக்டோபர்ல செயற்கைப் புல் போட்ட 9 ஃபுட்பால் கிரவுண்ட தனியாருக்கு விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபா வாங்கலாம்னு மாநகராட்சில தீர்மானம் போட்டாங்க, ஊரே கத்துனதும் வாபஸ் ஆச்சு. தெனம் ஒரு மணி நேரம் ஆடுற பையன் மாசத்துக்கு 3600 எங்கேர்ந்து குடுப்பான்? வெறும் ஓட்டம், ஃபுட்பால்னா மொதல்ல அங்க போய் பாருங்க, செட்டு அமஞ்சா சந்தாவே வேணாம்.

கடைசியா, சேரும்போதே வெளிய வர்ற வழிய கேட்டு வச்சுக்கங்க. டெபாசிட்னு வாங்குனா "திரும்பக் கெடைக்கும்"னு ரசீதுல எழுதி வாங்குங்க, என்ட்ரி ஃபீஸ் போனது போனதுதான். காசு தானா போற மாதிரி ஆட்டோபே போட்டிருந்தீங்கன்னா ஆப்ல போய் நீங்களே அந்த மேண்டேட்ட, அதான் நீங்க குடுத்த அனுமதிய, கேன்சல் பண்ணுங்க, ஆபீஸ்ல சொல்லிட்டோமேன்னு இருந்தா அடுத்த வருஷமும் எடுத்துடுவான். விலகுறேன்னு லெட்டர் குடுத்து அதோட காப்பில கையெழுத்து தேதி வாங்குங்க. நான் எல்லாம் பண்ணேன். பண்ணியும் புத்தகம் மட்டும் இன்னும் ரெண்டு வந்துச்சு, நல்ல கெட்டி பேப்பரு, எங்க வீட்டம்மா நெத்திலி கருவாட்டு டப்பாக்கு அடில போட்டு வச்சிருக்காங்க, டப்பாவ தொறந்தா ஓரத்துல தலைவர் மாலையோட எட்டிப் பாக்குறாரு.